முதியோர் இல்லத்துக்கு ஏஐ: எதை முதலில் வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்

சென்னையில் முதியோர் இல்லம் நடத்துகிறவர்களைத் தேடி இப்போது ஏஐ கம்பெனிகள் அடிக்கடி வருகின்றன. மெத்தைக்கு அடியில் வைக்கும் சென்சார், மருந்துப் பட்டியலைச் சரிபார்க்கும் மென்பொருள், யார் விழுவார், யாருக்கு செப்சிஸ் (கிருமித் தொற்றால் உறுப்புகளே பழுதாகும் நிலை) வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரியைச் சுருக்கித் தரும் சாட்பாட் என்று எல்லாவற்றையும் ஏஐ என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேலை. ஒவ்வொன்றும் தவறும் இடமும் வேறு.

ஓர் இல்லத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவோம். போரூரிலோ பெரும்பாக்கத்திலோ தாம்பரத்திலோ 40 பேர் தங்கியிருக்கிறார்கள். பகலில் மூன்று நர்ஸ், இரவில் ஒரு நர்ஸ், நான்கு அட்டெண்டர்கள். டாக்டர் வாரத்துக்கு இரண்டு முறை வந்து பார்க்கிறார். மற்ற நேரம் போனில். இவர்கள் முதலில் வாங்க வேண்டியது மருந்துச் சரிபார்ப்பு. அடுத்தது நர்ஸ் கையால் எடுக்கும் அளவுகளை வைத்து மதிப்பெண் போடும் முறை. சென்சார் மூன்றாவது, அதுவும் நிபந்தனையோடு. சாட்பாட்டைக் காகித வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கணிப்பு மென்பொருள் இப்போதைக்கு வேண்டாம்.

இந்த வரிசையைத் தீர்மானிப்பது ஒரே கேள்விதான்: கருவி ஒன்றைச் சொன்னால், இரவு இரண்டு மணிக்கு யார் எழுந்து போய் என்ன செய்வார்? பதில் இல்லாத கருவி எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் இல்லத்தில் இருப்பவருக்குப் பயன் கிடையாது.

மருந்துச் சரிபார்ப்பு

இதை முதலில் வைக்கக் காரணம், இதற்கு அவசரம் கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் வரும்போது பட்டியலைக் கையில் கொடுத்தால் போதும். விதிகளும் வெளிப்படையாக இருக்கின்றன. முதியவர்களுக்கு எந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லும் பட்டியலான, அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் அளவுகோல் 2023-ல் புதுப்பிக்கப்பட்டது. எதை நிறுத்தலாம், எதைத் தொடங்கலாம் என்று சொல்லும் ஐரோப்பாவின் ஸ்டாப்/ஸ்டார்ட் விதிகளின் மூன்றாம் பதிப்பும் அதே ஆண்டில் வந்தது. அதில் 190 விதிகள். கணினி இதில் செய்வது பெரும்பாலும் பொருத்திப் பார்க்கும் வேலை என்பதால், ஏன் எச்சரித்தது என்று கேட்டால் விதியைக் காட்ட முடியும்.

சிக்கல் வருவது உள்ளே போகும் பட்டியலில். மெடிக்கல் ஷாப்பில் அட்டையை வெட்டித் தருகிறார்கள். பெயரும் காலாவதித் தேதியும் அடுத்த துண்டோடு போய்விடும். வீட்டிலிருந்து வரும் பிளாஸ்டிக் டப்பாவில் இதய டாக்டர் எழுதியது, சுகர் டாக்டர் எழுதியது, மருமகள் வாங்கித் தந்த சளி மாத்திரை, பெயர் இல்லாத சூரணம் எல்லாம் கலந்திருக்கும். ஆகவே சேர்க்கை நாளன்று டப்பாவை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து, மருந்தின் வேதிப்பெயர், மி.கி., எத்தனை வேளை, யார் எழுதியது, எப்போதிலிருந்து என்று ஐந்து கட்டங்களில் நிரப்ப வேண்டும். இதற்கு ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தை ஒதுக்க முடியாதவர்கள் மென்பொருளுக்குப் பணம் கட்டுவது வீண்.

வாங்கும் முன் டெமோவிலேயே இந்திய பிராண்டுகளை உள்ளிட்டுப் பாருங்கள். கிளைகோமெட் ஜிபி 2 என்று தட்டினால் மெட்பார்மின், கிளிமெபிரைடு என இரண்டாகப் பிரிய வேண்டும். ஈகோஸ்பிரின் ஏவி, கூடவே தனியாக அட்டோர்வாஸ்டாட்டின் என்று கொடுத்தால், ஒரே கொழுப்பு மாத்திரை இரண்டு முறை வருவதைச் சொல்ல வேண்டும். டோலோ 650, சினாரெஸ்ட் இரண்டையும் சேர்த்தால் பாராசிட்டமால் இரட்டிப்பாவதையும், சினாரெஸ்ட்டில் உள்ள குளோர்பெனிரமின் முதியவருக்குக் குழப்பத்தையும் மூத்திர அடைப்பையும் கொண்டுவரலாம் என்பதையும் காட்ட வேண்டும். பான்-டி, அசித்ரோமைசின் சேர்க்கையில், டொம்பெரிடோனும் அசித்ரோமைசினும் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கும் என்று எச்சரிக்க வேண்டும். வெளிநாட்டு மருந்துத் தரவுத்தளத்தை அப்படியே வைத்திருக்கும் மென்பொருள்கள் இந்த நான்கில் பாதியிலேயே நின்றுவிடும். நின்றால் அங்கேயே நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

அடுத்த சோதனை சிறுநீரகம். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். 82 வயதுப் பாட்டி, எடை 45 கிலோ, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவின் ரத்த அளவு) 1.1. பல லேப் ரிப்போர்ட்டுகளில் இது இயல்பு வரம்பின் விளிம்பில் இருக்கும். சிவப்புக் குறி விழாது. லேப் போட்டுத் தரும் ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு, 2021-ன் சிகேடி-எபி சூத்திரப்படி, சுமார் 50. அதே பாட்டிக்குப் பழைய காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தைப் போடுங்கள்: 140-லிருந்து வயதைக் கழித்தால் 58, அதை 45-ஆல் பெருக்கி, 72 பெருக்கல் 1.1-ஆல் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 28. ஒருவருக்கே 50-ம் 28-ம் வருவதற்குக் காரணம், லேப் கணக்கு 1.73 சதுர மீட்டர் உடல் பரப்பு உள்ள ஆளுக்கானது. அதில் எடை நுழைவதே இல்லை. மெலிந்து, தசை வற்றிய உடம்பில் அந்த எண் நல்ல சேதியாகவே வந்து நிற்கும்.

இதன் விளைவு கால் எரிச்சலுக்கு எழுதும் பிரிகாபலினில் தெரியும். அதன் அளவுக் குறிப்பு காக்ராஃப்ட்–கால்ட் கணக்கை வைத்து எழுதப்பட்டது: 30 முதல் 60 வரை என்றால் நாளுக்கு அதிகபட்சம் 300 மி.கி., 15 முதல் 30 வரை என்றால் 150. பாட்டி காலையும் இரவும் 150 எடுக்கிறார் என்றால், 50 என்று நம்பும் மென்பொருள் பச்சை விளக்கு காட்டும். உண்மையில் அவர் எடுப்பது உச்ச அளவைப்போல இரண்டு மடங்கு. பகலெல்லாம் தூக்கம், தள்ளாட்டம், பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிவு. வீட்டார் “வயசாயிடுச்சு, அதான்” என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே விற்பவரிடம் இரண்டு கேள்வி. மருந்து அளவுக்கு எந்தச் சூத்திரம்? எடை கேட்கிறதா, கேட்டால் எத்தனை நாள் பழைய எடையை ஏற்கிறது? நிற்க முடியாதவர்களுக்கு நாற்காலி எடைமேடை இல்லாத இல்லங்களில் எடை என்பது சேர்க்கைப் படிவத்தில் எழுதியதோடு நின்றுவிடும். மென்பொருளுக்கு முன்னால் அந்த எடைமேடையை வாங்குங்கள்.

எச்சரிக்கை மிதமிஞ்சிப் போவதுதான் இந்த வகைக் கருவியின் பழைய நோய். மருத்துவமனைகளில் மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தள்ளிவிட்டுப் போவதாக 2006-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. எல்லா விதிகளையும் முதல் நாளே திறந்துவிடாமல், ஆபத்தான சிலவற்றோடு தொடங்குவது நல்லது. வலி மாத்திரை, டெல்மிசார்டன் என்ற பிபி மாத்திரை, நீர் மாத்திரை மூன்றும் ஒன்றாக; டெல்மிசார்டனோடு ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை; தூக்க மாத்திரை எடுப்பவர் ஏற்கெனவே விழுந்திருப்பது; ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோடு ஆஸ்பிரின்; கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரை; டைகாக்சின் என்ற இதய மாத்திரை நாளுக்கு 0.125 மி.கி.க்கு மேல்; தயசைடு நீர் மாத்திரை எடுப்பவருக்குப் புதுக் குழப்பம் வந்தும் சோடியம் பார்க்காமல் இருப்பது. இந்த ஏழும் ஒழுங்காக ஓடினால் மற்றவற்றைச் சேர்க்கலாம்.

இதற்கு மாற்றாக ஒரு மனிதரையும் வைத்துப் பார்க்க வேண்டும். பார்ம்.டி. (மருந்தாளுநர் பட்டம்) படித்த ஒருவரைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வரவழைத்துப் பட்டியல்களை அலசச் சொல்லலாம். மென்பொருள் இல்லாமல் அவர் மட்டும் என்றாலும் நல்ல தேர்வு. அவர் கையில் மென்பொருள் என்றால் இன்னும் நல்லது. யாரும் பார்க்காத மென்பொருள் மட்டும் என்பது மூன்றிலும் மோசம். பத்துப் பன்னிரண்டு மாத்திரை எடுப்பவர்களை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் முதியோர் மருத்துவத் துறைக்கோ, 2024-ல் கிண்டியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையத்துக்கோ ஒரு முறை முழு மதிப்பீட்டுக்கு அனுப்புவதை எந்த மென்பொருளும் ஈடுசெய்யாது.

மதிப்பெண்ணும் சென்சாரும்

உடல்நிலை சரிவதைப் பிடிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நியூஸ்2: பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-ல் வெளியிட்ட மதிப்பெண் முறை. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கூடுதல் ஆக்சிஜன் வைத்திருக்கிறதா, மேல் பிபி, நாடித் துடிப்பு, நினைவு நிலை, உடல் சூடு என்று ஏழு. 5 வந்தால் அவசர கவனிப்பு, 7 வந்தால் உடனடி மருத்துவமனை. ஒரே அளவில் 3 வந்தாலும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். டேப்லெட்டில் எண்களைத் தட்டினால் கூட்டிச் சொல்லும். இதற்குப் பெரிய ஏஐ தேவையில்லை. இரண்டாவது, மெத்தைச் சென்சார்: உடலின் நுண்ணதிர்விலிருந்து மூச்சையும் நாடியையும் இடைவிடாமல் கணிக்கும்.

நியூஸ்2 எங்கே கெட்டுப்போகும் என்று ஒரு கணக்கில் காட்டலாம். 78 வயது ஐயா. மூச்சு நிமிடத்துக்கு 22, அதற்கு 2 மதிப்பெண். ஆக்சிஜன் 94, அதற்கு 1. மேல் பிபி 108, அதற்கு 1. நாடி 88, சூடு 37.2, இரண்டுக்கும் பூஜ்யம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று மகன் பெயரை மாற்றிச் சொல்கிறார். புதிய குழப்பத்துக்கு 3. மொத்தம் 7, ஆம்புலன்ஸ். இப்போது இரவு டூட்டியில் இருப்பவர் மூச்சை எண்ணாமல் வழக்கம்போல 20 என்று எழுதுகிறார். குழப்பத்தைத் ‘தூக்கக் கலக்கம்’ என்று விட்டுவிடுகிறார். மொத்தம் 2. விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும். பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு நாடி ஏறாது. வயதானவருக்குக் கிருமித் தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். ஆகவே அந்த இரண்டு பூஜ்யத்தை வைத்து நிம்மதி கொள்ளவும் முடியாது.

இந்த இரண்டு ஓட்டைகளில் ஒன்றை மட்டுமே சென்சார் அடைக்கும். மூச்சு எண்ணிக்கையை அது சலிக்காமல், எழுப்பாமல் எண்ணும். மனிதர்கள் அதிகம் தவறவிடும் எண்ணும் அதுதான். குழப்பத்தை அது அறியாது. அதற்கு 4ஏடி என்ற சின்னச் சோதனையை நர்ஸ் செய்ய வேண்டும்: விழிப்பு, வயதும் பிறந்த தேதியும் இடமும் வருடமும், மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லுதல், திடீர் மாற்றம். 4 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் டெலிரியம், அதாவது உடல்நலக் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பம், என்று சந்தேகிக்கலாம். பங்குனி, மாசி, தை என்று சொல்லிப் பழகியவரிடம் டிசம்பர், நவம்பர் கேட்டுத் தடுமாற வைக்க வேண்டாம். அவருக்குப் பழகிய மாதங்களையே கேளுங்கள். அமைதியாகப் படுத்துக்கொண்டே இருக்கும் வகை டெலிரியத்தைச் சென்சார் ‘நன்றாகத் தூங்கினார்’ என்றே காட்டும். இதைத் திரையை மட்டும் பார்த்துப் பழகும் ஊழியருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

படுக்கைப் புண்ணுக்காகப் போடும் ஏர் பெட்டில் பம்ப் அதிர்வு அளவைக் குழப்பலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) உள்ளவருக்கு நாடிக் கணக்கு தடுமாறும். பகலில் நாற்காலியில் உட்காருபவருக்கு அளவே கிடையாது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கும் ஒரு குறை உண்டு: 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, கருப்பினத்தவருக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டி ஆக்சிஜன் குறைவை மறைப்பது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்றது. நம் ஊரில் நிறம் கருத்தவருக்கு 94 வந்து, மூச்சும் வாங்குகிறது என்றால், எண்ணைவிட மூச்சை நம்புங்கள்.

பொய் எச்சரிக்கைக் கணக்கைக் கையெழுத்துப் போடும் முன் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 40 பேரை மணிக்கு ஒரு முறை மதிப்பிட்டால் நாளுக்கு 960 மதிப்பீடு. கருவி 98 சதவீதம் சரியாக ‘பிரச்சினை இல்லை’ என்று சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 2 சதவீதம் நாளுக்கு 19 பொய் எச்சரிக்கை, வாரத்துக்கு 134. அந்த வாரத்தில் உண்மையில் ஒருவர் சரிந்தார் என்றால், 135-ல் ஒன்றுதான் நிஜம். பத்தாவது நாள் அலாரத்தின் ஒலி குறைக்கப்பட்டிருக்கும். அதைச் செய்த நர்ஸைக் குறை சொல்ல முடியாது; ஒரே ஆள் அவர். 40 படுக்கைக்கும் வாங்காமல், மருத்துவமனையிலிருந்து புதிதாகத் திரும்பியவர், இதயச் செயலிழப்பு உள்ளவர், சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர் என்று ஐந்தாறு படுக்கைக்கு மட்டும் எடுத்து, ஆளுக்கேற்ப எல்லையை மாற்றிவைத்தால் சென்சார் உண்மையிலேயே கை கொடுக்கும்.

கணிப்பு மென்பொருள்

அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் பயன்படுத்திய, எபிக் என்ற மென்பொருள் கம்பெனியின் செப்சிஸ் கணிப்பை மிச்சிகனில் வெளியாட்கள் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டது. அதே சமயம் சேர்க்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை அடித்தது. அத்தனை லேப் தரவும் கையில் இருந்த இடத்திலேயே அப்படி. இல்லத்தில் ரத்தப் பரிசோதனை மாதத்துக்கு ஒரு முறை. கணிப்புக்குத் தீனியே இல்லை. விழுதல் கணிப்போ, 40 பேரில் பெரும்பாலோரை ‘அதிக ஆபத்து’ என்று சொல்லும். அது தெரிந்த விஷயம்தான். அந்தப் பணத்தில் பாத்ரூமில் கைப்பிடி, இரவு விளக்கு, படுத்து ஐந்து நிமிடம் கழித்தும் எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்திலும் பிபி பார்க்கும் பழக்கம் ஆகியவற்றை ஏற்படுத்துங்கள். மேல் பிபி 20 இறங்கினால் டாக்டர் அன்றே மாத்திரையை மாற்றலாம்.

எக்ஸ்ரே படிக்கும் ஏஐ, வீட்டுக்கு வரும் எக்ஸ்ரே சேவையோடு சேர்ந்து வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். தனியாக வாங்க வேண்டியதில்லை. பழைய காசநோய்த் தழும்பையும் புதிதென்று அது காட்டலாம் என்பதால் பழைய படத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

சாட்பாட்

முப்பது பக்க மருத்துவமனைக் கோப்பை ஒரு பக்கமாக்க, ஷிஃப்ட் மாறும்போது குறிப்பு எழுத, வீட்டாருக்குத் தமிழில் மருந்து விளக்கம் தயாரிக்க சாட்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரிகள் மிகவும் உதவும். கேட்கும் விதத்துக்கு இசைந்து பதில் சொல்வது அவற்றின் குறை. “அப்பாவுக்கு கேஸ், என்ன மாத்திரை?” என்று சுகர் உள்ள 75 வயதுக்காரரைப் பற்றிக் கேட்டால், மாரடைப்பாகவும் இருக்கலாம், இசிஜி எடுங்கள் என்று சொல்லாமல் அசிடிட்டி மாத்திரையைப் பட்டியலிடக்கூடும். சுருக்கும்போது ‘நிறுத்தப்பட்டது’ என்ற ஒரு சொல் விழுந்துவிட்டால் நிறுத்திய மாத்திரை திரும்பத் தொடங்கிவிடும். மூட்டுவாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை என்பது தினமும் என்று மாறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே சுருக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் மூலப் பக்க எண் கேளுங்கள். மெத்தோட்ரெக்சேட், அசிட்ரோம் (ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து), இன்சுலின், டைகாக்சின் வரிகளை நர்ஸ் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல், ஏஐ நேரடியாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, டாக்டருக்கு உதவலாம் என்கிறது. நோய் கண்டறியவோ கண்காணிக்கவோ உதவும் மென்பொருள் 2020 ஏப்ரல் முதல் மருத்துவச் சாதன விதிகளுக்குள் வருகிறது. எந்த வகுப்பு, உரிம எண் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். பெயரோடு கோப்பைப் பொது சாட்பாட்டில் ஒட்டக் கூடாது. ஒப்புதல் அறிவிப்பைத் தமிழில் கேட்கும் உரிமை தங்கியிருப்பவருக்கு 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

சோதனை ஓட்டம்

எதை வாங்கினாலும் முதல் ஆறு வாரம் மௌனமாக ஓட விடுங்கள். எச்சரிக்கை இன்சார்ஜ் சிஸ்டரின் பதிவேட்டுக்கு மட்டும் போகட்டும். கவனிப்பு வழக்கம்போல நடக்கட்டும். முடிவில் மருத்துவமனைக்குப் போனவர்கள் ஒவ்வொருவரையும் எடுத்து, கருவி முன்னதாகச் சொன்னதா, எத்தனை மணி நேரம் முன்னதாக, அதே காலத்தில் வெறும் எச்சரிக்கை எத்தனை என்று எழுதுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத கம்பெனியிடம் வாங்க வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் நாள்கணக்கில் மின்சாரமும் நெட்வொர்க்கும் இல்லை. அந்த நிலையில் கருவி என்ன செய்யும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொருவரின் மருந்துப் பட்டியலும் பிளாஸ்டிக் உறையில் அச்சாகவும் இருக்கட்டும்.

பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் இருக்கும் சிறிய இல்லத்தில் இரவு நர்ஸ் இல்லை என்றால், இவற்றில் எதையும் இப்போது வாங்க வேண்டாம். அந்தப் பணம் முதலில் இரவு நர்ஸின் சம்பளத்துக்குப் போகட்டும்; அடுத்து பிபி கருவி, ஆக்சிமீட்டர், தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர், நாற்காலி எடைமேடை. நர்ஸ் வந்து மூன்று மாதம் சார்ட் ஒழுங்காக நிரம்பிய பிறகு மருந்துச் சரிபார்ப்பை மட்டும் மாதக் கட்டணத்தில் எடுக்கலாம்.